5,833 யார்டும் ஏழாவது சுற்றும்

2003-ல் டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) பி.ஜே. சைமன்ஸ் ஒரே சீசனில் எறிந்து 5,833 யார்டு சேர்த்தார். கையால் எறிந்து ஆடும் ‘அமெரிக்கக் கால்பந்தின்’ கல்லூரி உயர்மட்டத்தில் அதுவரை யாரும் தொடாத எண். அடுத்த ஆண்டு தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அவர் பெயர் ஏழாவது சுற்றில்தான் வந்தது. அதுதான் கடைசிச் சுற்று. பதின்மூன்று ஆண்டு கழித்து, 2017-ல், அதே பல்கலைக்கழகத்தில் அதே வகை ஆட்டம் ஆடிய பேட்ரிக் மஹோம்ஸ் பத்தாவது ஆளாகவே எடுக்கப்பட்டார்.

அந்த ஆட்டமுறைக்கு ‘ஏர் ரெய்டு’ என்று பெயர். ஹால் மம்மியும் மைக் லீச்சும் 1989 முதல் அயோவா வெஸ்லியன் கல்லூரியில் வளர்த்தெடுத்தது. பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களைக் களத்தின் அகலம் முழுக்கப் பரப்பி நிறுத்துவார்கள். திட்டங்கள் கொஞ்சம்தான், அவற்றையே திரும்பத் திரும்பப் பயிற்சி செய்வார்கள். ஒரு திட்டத்தில் இரண்டு ரிசீவர்கள் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து ஓடிவந்து உரசிக்கொள்ளும் நெருக்கத்தில் குறுக்கே கடப்பார்கள். பின்னால் துரத்தும் தடுப்பாளர்கள் அந்த நெரிசலில் சிக்க, ஒரு ரிசீவர் தனியாகிவிடுவார். குவாட்டர்பேக் ஐந்து யார்டு எறிந்தால் போதும். மீதி இருபதை அவர் ஓடியே சேர்ப்பார். கணக்கில் இருபத்தைந்தும் எறிந்தவர் பெயரில்தான் ஏறும்.

களமும் கல்லூரிக்காரர்களுக்குச் சாதகம். அகலம் 160 அடி. இது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் பந்து வைக்கப்படும் எல்லையைக் காட்டும் உட்கோடுகள் கல்லூரியில் 40 அடி இடைவெளியில் இருக்கும். என்எஃப்எல்லில் பதினெட்டரை அடி. இடது கோட்டில் பந்து இருந்தால் கல்லூரியில் வலப்புறம் 100 அடி திறந்து கிடக்கும், தொழில்முறைக் களத்தில் சுமார் 89 அடிதான். அந்தப் பரப்பை மறைக்கத் தடுப்பாளர்கள் இழுபட்டு நிற்பதால், எங்கே ஆள் இல்லை என்பது பந்து வருவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

அப்புறம் ஆர்பிஓ (ரன்-பாஸ் ஆப்ஷன்). ஓடுவதா எறிவதா என்று ஒரே ஒரு தடுப்பாளரைப் பார்த்து முடிவெடுக்கும் திட்டம் இது. அவர் ஓட்டத்தை மறிக்க முன்னே வந்தால், அவர் விட்டுவந்த இடத்துக்குப் பந்து போகும். வராவிட்டால் ஓடுபவர் கையில் கொடுத்துவிடலாம். பந்து எறியப்படும் முன், குவாட்டர்பேக்குக்கு முன்னால் அரணாக நிற்கும் லைன்மேன்கள் கல்லூரியில் 3 யார்டு வரை முன்னேறலாம், என்எஃப்எல்லில் ஒரே யார்டு. அவர்கள் முன்னேறுவதைப் பார்த்துத்தான் தடுப்பாளர் இது ஓட்டம் என்று ஏமாறுகிறார். அந்த 2 யார்டு குறைந்தால், எறிபவருக்குக் கிடைக்கும் நேரமும் குறைகிறது.

சரி, பையனின் திறமை எது, திட்டம் தந்தது எது என்று எப்படிப் பிரிப்பது? திட்டம் உடைந்த இடங்களைப் பார்க்க வேண்டும். பத்து யார்டு முன்னேற நான்கே முயற்சி, இது மூன்றாவது, இன்னும் பத்து யார்டும் தேவை, முதல் ரிசீவருக்கு வழியில்லை, எதிரணி ஆட்கள் பாய்ந்து வருகிறார்கள். அப்போது கண் அடுத்த ரிசீவருக்குப் போகிறதா, பாய்பவர்களிடம் போகிறதா? நான் எல்லாவற்றையும்விட நம்புவது ஒன்றை: ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையை விட்டுப் போகிறதா என்பதை. கைவலுவை யாராலும் பார்க்க முடியும். இது கிடைப்பதுதான் அரிது.

மஹோம்ஸின் கல்லூரிப் பதிவுகளில் உடைந்த இடங்கள் ஏராளம். 2016-ல் ஓக்லஹோமாவுக்கு எதிராக 734 யார்டு சேர்த்தும் அவர் அணி 59–66 என்று தோற்றது. காலை ஊன்றாமலே எறிவதைப் பலர் ஒழுங்கின்மை என்றார்கள். என்எஃப்எல்லின் கான்சஸ் சிட்டி அணி அதைத் திறமையாகப் பார்த்தது. டிராஃப்ட் வரிசையில் 27-ஆம் இடத்திலிருந்து பத்தாம் இடத்துக்கு ஏற வேறு தேர்வு உரிமைகளை விலையாகக் கொடுத்தது. முதல் ஆண்டு ஒரே ஓர் ஆட்டம்தான் ஆடவிட்டார்கள். மற்ற நாளெல்லாம் அணியின் முதன்மைக் குவாட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித்தின் பின்னால் நின்று கற்றார். 2018-ல் 50 டச்டவுன் (எதிரணியின் இறுதிப் பகுதிக்குள் பந்தைச் சேர்ப்பது) எறிந்து லீகின் மதிப்புமிக்க வீரரானார்.

ஏர் ரெய்டு என்ற பெயரும் அந்தக் காலகட்டத்தில் பயமுறுத்துவதை நிறுத்தியது. அதே மரபில் ஆடிய பேக்கர் மேஃபீல்டும் கைலர் மர்ரேயும் 2018, 2019-ல் முதல் ஆட்களாகவே எடுக்கப்பட்டார்கள். எண்ணை மட்டும் இன்னமும் தள்ளுபடி செய்துதான் வாங்குகிறார்கள். 2021-ல் வெஸ்டர்ன் கென்டக்கியின் பெய்லி ஸாப்பி 5,967 யார்டு சேர்த்து சைமன்ஸின் சாதனையை முறியடித்தார். டிராஃப்டில் அவர் பெயர் 137-ஆவதாக வந்தது.