வேக்கம் என்றால் வெற்றிடமா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி வில்லியனூர் சாலையிலோ ஒரு பட்டறையில் டர்போ வண்டியை, அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் கருவி உள்ள வண்டியை, விட்டால் முதலில் காதில் விழும் சொல் ‘வேக்கம்’. “வேக்கம் லீக் ஆவுது”, “வேக்கம் பம்ப் வீக்கா இருக்கு” என்பார்கள். அடுத்த சொல் ‘பூஸ்ட்’. “பூஸ்ட் ஏறல, அதான் பிக்கப் இல்ல.” இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. அவற்றைக் குழப்பிக்கொண்டால், ஒரு சாண் ரப்பர் டியூபில் முடிய வேண்டிய வேலை புது டர்போ வாங்குவதில் போய் முடியும்.

வேக்கம் என்பது லத்தீன் ‘வேக்குவஸ்’ வழியே வந்தது. பொருள், காலியான. 1643இல் டோரிசெல்லியின் பாதரசக் குழாய்ச் சோதனையில் பாதரசம் சுமார் 76 செ.மீ. உயரத்தில் நிற்க, அதற்கு மேலே குழாயில் உண்டான காலியிடம் இந்தச் சொல்லுக்கு அறிவியலில் நிலையான இடத்தைத் தந்தது. நம் பாடநூல்கள் அதற்கு ‘வெற்றிடம்’ என்று பெயர் வைத்தன. வெற்று, இடம். இயற்பியலுக்குக் கச்சிதமான சொல்தான்.

ஆனால் எஞ்சினுக்குள் இருப்பது வெற்றிடம் அல்ல. அங்கே காற்று இருக்கிறது, வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். நம் ஊரில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1000 மில்லிபார். பெட்ரோல் எஞ்சின் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, காற்று எஞ்சினுக்குள் போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டுக்குள் 300, 400 மில்லிபார் இருக்கும். அந்த வித்தியாசம்தான் வேலை செய்கிறது. இதற்கு நான் ‘தாழ்வழுத்தம்’ என்பதையே சரியான தமிழாகக் கொள்வேன். கடலூர், புதுச்சேரி மக்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே கரையைக் கடந்தது. காற்றழுத்தத் தாழ்வு என்றால் சுற்றியுள்ள காற்று அங்கே பாய்ந்து வரும் என்பது இங்கே அனுபவம். கிழிந்த வேக்கம் டியூபிலும் அதேதான் நடக்கிறது: காற்று உள்ளே பாய்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் வானிலைத் தாழ்வுக்கும் எஞ்சினின் இந்த இழுப்புக்கும் ‘தெப்ரெசியோன்’ என்று ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்.

பூஸ்ட் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கிய சொல். பின்னாலிருந்து தூக்கிவிடுதல் என்று பொருள். எஞ்சினில் அது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் டர்போ ஏற்றித் தரும் அழுத்தம். ஆகவே ‘மிகையழுத்தம்’. டர்போ என்பது லத்தீனில் பம்பரத்துக்கும் சுழற்காற்றுக்கும் பெயர். 1822இல் பிரெஞ்சுப் பொறியாளர் க்ளோத் புர்தேன் அந்த அடியிலிருந்து ‘டர்பைன்’ என்ற சொல்லை உருவாக்கினார். புகைக் காற்றால் டர்பைனைச் சுழற்றி எஞ்சினுக்குக் காற்றூட்டும் முறைக்கு 1905இல் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பியூக்கி. டர்பைனுக்குத் தமிழில் சுழலி, விசையாழி இரண்டும் வழக்கில் உண்டு. டர்போவை டர்போ என்றே சொல்லலாம் என்பது என் கருத்து. அது யாரையும் தவறான பொருளுக்குக் கொண்டுபோவதில்லை.

தவறான பொருளுக்குக் கொண்டுபோகும் சொல் இன்னொன்று இருக்கிறது: ‘பூஸ்டர்’. பட்டறையில் பூஸ்டர் என்றால் பிரேக் பெடலுக்குப் பின்னால் இருக்கும் உருண்டை டப்பா. அது பூஸ்ட்டால் வேலை செய்வதில்லை, வேக்கத்தால் வேலை செய்கிறது. “பூஸ்டருக்கு வேக்கம் போவல” என்று மெக்கானிக் சொல்வதை “பூஸ்ட் போச்சு” என்று கேட்டுக்கொண்டு வீடு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டீசல் எஞ்சினில் பெட்ரோலைப் போலத் திராட்டில் என்ற கதவு காற்றை மறித்து இழுப்பு உண்டாக்குவதில்லை. அதனால் தனியாக ஒரு வேக்கம் பம்ப் இருக்கும். பிரேக் பூஸ்டருக்கும், பல வண்டிகளில் பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் டர்போ ஆக்சுவேட்டருக்கும் அந்த ஒரே பம்ப்தான். எனவே பிக்கப் குறைந்து, கூடவே பிரேக் பெடலும் கட்டையாகிவிட்டால் டர்போவைத் தொட வேண்டாம், பம்பைப் பாருங்கள். அதுவரை வண்டியை ஓட்டவும் கூடாது.

ஆக்சுவேட்டர் என்றால் இயக்கி. இதிலும் தாழ்வழுத்தத்தில் இயங்குவது, மிகையழுத்தத்தில் இயங்குவது என்று இரண்டு சாதி உண்டு. உள்ளே அசையும் இறக்கைகள் கொண்ட டர்போவில் பெரும்பாலும் வேக்கம்தான் ஆக்சுவேட்டர் தண்டை இழுக்கும். டியூப் கிழிந்தால் இறக்கைகள் திறந்தே கிடக்கும், பூஸ்ட் ஏறாது, கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரில் ‘பூஸ்ட் குறைவு’ என்ற பி0299 வரும். உபரிப் புகையை டர்பைனுக்குப் போகாமல் திருப்பும் கதவான வேஸ்ட்கேட் கொண்ட சாதாரண டர்போவில் கதை தலைகீழ். அங்கே பூஸ்ட்டே தள்ளி வேஸ்ட்கேட்டைத் திறக்கிறது. அந்த டியூப் கழன்றால் கதவு திறக்காது, பூஸ்ட் அளவு மீறும், பி0234 வரும், வண்டி லிம்ப் மோடுக்கு, அதாவது சக்தியைக் குறைத்துக்கொண்டு ஓடும் நிலைக்குப் போய்விடும். ஒரே மாதிரி கிழிந்த டியூப், எதிரெதிரான கோளாறு. உங்கள் வண்டியில் எந்த வகை என்று தெரியாமல் குறியீட்டை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது.

கசிவைத் தேடும் விதமும் இரண்டுக்கும் வேறு. மிகையழுத்தப் பக்கம் காற்று வெளியே பீய்ச்சும், எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து வரும். டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிளிப் அருகே கறுப்பாக ஈரம் தெரிந்தால் இடம் கிடைத்துவிட்டது. தாழ்வழுத்தப் பக்கம் வெளியே ஒரு தடயமும் இருக்காது. எஞ்சின் ஓடும்போது பம்பிலிருந்து வரும் மெல்லிய டியூபைக் கழற்றி முனையில் விரல் வைத்தால் தோலைக் கவ்வி இழுக்க வேண்டும். ஆக்சுவேட்டர் முனையிலும் அப்படியே செய்து பார்க்க நினைத்தால், நடுவில் இழுப்பைக் கூட்டிக் குறைக்கும் மின் வால்வான சோலினாய்டு இருப்பதை மறக்கக் கூடாது. அது எப்போதும் முழு இழுப்பை விடாது. அப்புறம் கை வேக்கம் பம்பை ஆக்சுவேட்டரில் மாட்டி 500 மில்லிபார் அளவுக்கு இழுங்கள். தண்டு திக்காமல் நகர வேண்டும், ஒரு நிமிடம் பம்பின் அளவு முள் இறங்காமல் நிற்க வேண்டும். முள் நின்றும் தண்டு திக்கினால் கோளாறு டியூபில் இல்லை. கடற்கரையை ஒட்டி ஓடும் வண்டிகளில் தண்டின் மூட்டு உப்புக்காற்றில் துருப்பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெட்ரோல் டர்போவில் இன்னொரு சிக்கல். மேனிஃபோல்டில் இருக்கும் ஒரே ஓட்டை ஐடிலில் காற்றை உள்ளே இழுக்கும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் வெளியே தள்ளும். ஐடிலில் எஞ்சின் உதறுவதையும் வேகம் எடுக்காததையும் இரண்டு கோளாறாகக் கணக்குப் போட்டு உதிரிபாகம் மாற்றுவது அதனால்தான் நடக்கிறது.

தாழ்வழுத்தம், மிகையழுத்தம் இரண்டுமே வெளிக்காற்றை வைத்து அளப்பவை. பல ஸ்கேனர்கள் மேனிஃபோல்டு அழுத்தத்தை அப்படிக் காட்டுவதில்லை, மொத்த அழுத்தத்தையே காட்டும். சாவியை ஆன் செய்து எஞ்சினை ஓடவிடாமல் பாருங்கள். கடல் மட்டத்தை ஒட்டிய நம் ஊரில் 1000 மில்லிபாருக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். அதிலிருந்து வெகுவாக விலகினால் முதலில் சென்சாரைச் சந்தேகிக்கலாம். சரியாகக் காட்டிவிட்டு, ஓட்டும்போது 2200 என்று வந்தால் பூஸ்ட் 2.2 பார் என்று எண்ணிவிடக் கூடாது. வெளிக்காற்றின் 1000ஐக் கழித்தால் அது 1.2 பார்தான்.