துக்கம் கேட்டல்

2005 ஜனவரியில், ஆழிப்பேரலை வந்து மூன்றாவது வாரம், கடலூர் தேவனாம்பட்டினத்தில் நிவாரண அரிசி இறக்கப் போன இளைஞர்களில் நானும் ஒருவன். டிசம்பர் 26 காலையில் எட்டு வயது மகனைக் கடலுக்குப் பறிகொடுத்த ஒரு மீன்காரப் பெண்மணி என்னிடம் பேச ஆரம்பித்தார். "வருத்தம்தான் தம்பி. ஆனால் வருத்தம் என்றும் சொல்ல முடியவில்லை. இது வேறு என்னமோ..." என்று தொண்டையில் கைவைத்தபடி சொல்லைத் தேடினார். நான் பதறிப்போய், "உங்கள் மேல் என்ன தவறு அக்கா? எல்லாம் விதி. இருக்கிற பெண்பிள்ளையைப் பாருங்கள்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஆறுதல் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன். அந்த ஒரு நிமிடத்தில் நான் எதைக் கெடுத்தேன் என்பது, மனிதரின் சொந்த அனுபவத்தையும் வளர்ச்சியையும் மையமாக வைக்கும் மனிதநேய உளவியலைப் படிக்கத் தொடங்கிய பிறகே புரிந்தது. சாவு வீட்டுக்குப் போவதை நாம் "துக்கம் கேட்கப் போகிறேன்" என்கிறோம். போன இடத்தில் கேட்பதில்லை, பேசிவிட்டு வருகிறோம்.

கேட்பதை ஒரு சிகிச்சையாக வளர்த்தெடுத்தவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் (1902–1987). 1928 முதல் 1940 வரை ரோசெஸ்டர் நகரில் சிக்கலுள்ள குழந்தைகளோடு பணியாற்றியவர். அங்கே ஒரு அடங்காத சிறுவனின் தாய் அவரிடம் வந்துகொண்டிருந்தார். பிள்ளையை அவர் உள்ளூர வெறுத்ததே சிக்கலுக்குக் காரணம் என்று ரோஜர்ஸ் கண்டுகொண்டார். அதை அந்தத் தாய்க்கு உணர்த்தப் பல வாரங்கள் பக்குவமாக முயன்றார். ஒன்றும் நடக்கவில்லை. இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். வாசல்வரை போன அந்தப் பெண் திரும்பி, "இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை உண்டா?" என்று கேட்டார். வந்து உட்கார்ந்து, தன் திருமண வாழ்க்கையின் கசப்பைக் கொட்டத் தொடங்கினார். அதற்குமுன் கோவையாகச் சொல்லிவந்த கதைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. மருத்துவம் அங்கேதான் தொடங்கியது, பையனும் பின்னர் தேறினான் என்று ரோஜர்ஸ் பதிவு செய்திருக்கிறார். எங்கே வலிக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது வந்தவருக்குத்தான் தெரியும் என்பது அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம்.

இது வெறும் நல்லெண்ணம் இல்லை. இது வேலை செய்வதற்கு ஒரு முறை இருக்கிறது. "ஆண்பிள்ளை அழக்கூடாது", "பெற்றவளுக்குக் கோபம் வரலாமா" என்று கேட்டே வளர்கிறோம். எந்த உணர்ச்சியைக் காட்டினால் அன்பு குறைகிறதோ அதைக் குழந்தை மறைக்கப் பழகுகிறது. நாளடைவில் தன்னிடமிருந்தே மறைத்துவிடுகிறது. உள்ளே நடப்பது ஒன்று, "நான் இப்படிப்பட்டவள்" என்று நம்பியிருப்பது வேறொன்று. இந்த இடைவெளிதான் மனத்தை அரிக்கிறது. எதைச் சொன்னாலும் மதிப்புக் குறையாத ஒருவர் எதிரே அமர்ந்திருந்தால் காவல் தளர்கிறது, மறைத்தது மெல்ல வெளியே வருகிறது. அதனால்தான் 1957இல் ரோஜர்ஸ் வகுத்த நிபந்தனைகளில் நிபந்தனையற்ற மதிப்பு, ஒத்துணர்வு (பிறர் உணர்வதை அவர் நிலையிலிருந்து உணர்தல்), ஆலோசகர் வேடமின்றி இருத்தல் ஆகிய மூன்றும் முக்கியமாயின.

மனிதருக்குள் வளர்ச்சியை நாடும் உந்துதல் ஏற்கெனவே இருக்கிறது என்பது அவருடைய அடிப்படை நம்பிக்கை. சிறுவயதில் வீட்டு நிலவறையில் குளிர்காலத்துக்காகப் போட்டுவைத்த உருளைக்கிழங்குகளை அவர் நினைவுகூர்கிறார். சில அடி உயரத்தில் இருந்த சிறு சன்னலின் வெளிச்சத்தை நோக்கி, வெளிறிய முளைகள் இரண்டு மூன்று அடி நீண்டிருந்தனவாம். நம் சமையலறை மூலையில் மறந்துபோன சேப்பங்கிழங்கும் இதைத்தான் செய்கிறது.

பேச்சின் எந்த இடத்தில் மாற்றம் நிகழ்கிறது? ரோஜர்ஸ் ஆலோசனைகளை ஒலிப்பதிவு செய்தார். 1942இல் ஒரு முழு ஆலோசனையைச் சொல் விடாமல் அச்சிலும் தந்தார். ஆகவே இதை ஆராய முடிந்தது. சிகாகோவில் அவருடன் பணியாற்றிய யூஜின் ஜென்ட்லின் ஒலிநாடாக்களைக் கேட்டு ஒன்றைக் கவனித்தார். தேறியவர்கள் சரளமாகப் பேசவில்லை. தயங்கினார்கள். "இல்லை, அது கோபம் இல்லை... எப்படிச் சொல்வது..." என்று தடவித் தடவிச் சொல்லைத் தேடினார்கள். அந்தத் தேடல் தொண்டையில், மார்பில், வயிற்றில் உணரப்படும் தெளிவற்ற ஒன்றோடு ஒப்பிட்டு நடக்கிறது. சரியான சொல் கிடைத்ததும் உடம்பே இளகுகிறது. ஒரு பெருமூச்சு வருகிறது. ஆலோசகர் கேட்டதைத் திருப்பிச் சொல்வதன் பயனும் இதுதான். தன் சொல்லைப் பிறர் வாயில் கேட்கிறவர் அதை உள்ளே வைத்துப் பார்க்கிறார், பொருந்தாவிட்டால் திருத்துகிறார். "அப்படி இல்லை" என்று அவர் திருத்தும் நொடிதான் வேலை நடக்கும் நொடி. தேவனாம்பட்டினத்தில் நான் அந்த நொடியில்தான் குறுக்கே விழுந்திருக்கிறேன்.

ஆனால் கடல் கொண்டுபோன பிள்ளை திரும்பி வரப்போவதில்லை. மாற்ற முடியாத இழப்பின் முன்னால் வளர்ச்சி என்ற சொல்லே கூசுகிறது. வாழ்வின் தவிர்க்க முடியாத உண்மைகளை எதிர்கொள்ளச் சொல்லும் இருத்தலியல் உளவியல் நுழைவது இங்கேதான். மரணம், சுதந்திரம், தனிமை, பொருளின்மை ஆகிய நான்கையும் நோயாகப் பார்க்காமல், பிறந்த எவருக்கும் உரியவையாக எடுத்துக்கொள்ளச் சொன்னார் அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம். வியன்னா மருத்துவர் விக்டர் ஃப்ராங்கல் (1905–1997) நாஜி வதைமுகாம்களில் தாய், தந்தை, மனைவி மூவரையும் இழந்து 1945இல் விடுதலையானவர். மனைவியை இழந்து இரண்டு ஆண்டுகளாகத் தேறாத முதிய மருத்துவர் ஒருவர் அவரிடம் வந்தார். ஃப்ராங்கல் ஆறுதல் சொல்லவில்லை. நீங்கள் முதலில் போயிருந்தால் உங்கள் மனைவி என்ன ஆகியிருப்பார் என்று கேட்டார். தாங்கியிருக்கவே மாட்டாள் என்றார் அவர். அந்தத் துன்பம் உங்கள் மனைவிக்கு நேராமல் நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள் என்றார் ஃப்ராங்கல். முதியவர் கைகுலுக்கிவிட்டு எழுந்து போனார். ஃப்ராங்கல் தொடங்கியது கேள்வியில். பதிலை முதியவரே சொன்ன பிறகுதான் அதன் பொருளை எடுத்துக் காட்டினார். அதே வாசகத்தை அறிவுரையாக முதலிலேயே சொல்லியிருந்தால் என்னுடைய "விதி"யைப் போலத்தான் விழுந்திருக்கும்.

இந்த அணுகுமுறைக்கு எல்லை உண்டு. ரோஜர்ஸ் தம் நிபந்தனைகள் போதுமானவை என்றார். நான் அதை ஏற்கவில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் மனச்சோர்வு உள்ள 510 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், ரோஜர்ஸ் வழியில் வந்த சிகிச்சை 6 மாத முடிவில், எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குச் சளைக்கவில்லை. 12 மாத முடிவில் பின்னதே முந்தியது. உறக்கமும் உணவும் அற்றுப்போனவருக்கு, சாக நினைப்பவருக்கு, கேட்கும் காது மட்டும் போதாது. மனநல மருத்துவர் வேண்டும். புதுச்சேரி ஜிப்மரில் மனநலத் துறை இருக்கிறது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணான 14416இல் தமிழிலேயே பேசலாம்.

ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று எங்கள் கடற்கரையில் பால் ஊற்றுவார்கள். தானே புயல் அடித்ததற்கு அடுத்த ஆண்டு, 2012இல், அங்கே அந்த அக்காவைப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து, "இன்னும் அப்படியேதான் இருக்கிறது" என்றார். "அப்படியே இருக்கிறது" என்றேன். "வருத்தம் இல்லை" என்றார். காத்திருந்தேன். கை பழையபடி தொண்டைக்குப் போனது.

"கூசுகிறது தம்பி. அலை வந்த நேரம் நான் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீட்டு வாசலில் கூடையை இறக்கிவைத்து, பத்து ரூபாய்க்குப் பேரம் பேசிக்கொண்டு நின்றேன்."

நான் எதுவும் சொல்லவில்லை. அவர் நீண்ட மூச்சு விட்டார். தோள்கள் இறங்கின. பிறகு, அது யார் வீடு, என்ன மீன், மகனுக்கு அந்த மீன் எவ்வளவு பிடிக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். வெயில் ஏறும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.