வெயிலில் டிரெய்லர் இழுத்த கியர்பாக்ஸுக்குள் என்ன நடக்கிறது?

கொளுத்தும் வெயிலில், பாரம் ஏற்றிய டிரெய்லரை மேட்டில் இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாகிவிட்டது. வண்டி ஓடுகிறது, எச்சரிக்கை விளக்கு எதுவும் இல்லை. ஆனாலும் வழியில் கியர் அடிக்கடி மாறியதும், நிறுத்தியபின் அடியிலிருந்து வந்த சூடான எண்ணெய் வாடையும் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கின்றன. கியர்பாக்ஸ் கெட்டிருக்குமோ என்ற இந்தக் கவலை நியாயமானது. வண்டியில் எஞ்சினுக்கு அடுத்தபடியாக அதிகச் செலவு வைக்கும் பாகம் அதுதான். ஆனால் வெப்பம் எங்கே பிறக்கிறது, எதை எப்படிக் கெடுக்கிறது என்று தெரிந்துகொண்டால், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பெரும்பாலும் நாமே பிரித்துவிடலாம்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் வெப்பத்தின் பெரும்பகுதி பற்சக்கரங்களில் பிறப்பதில்லை. எஞ்சினுக்கும் கியர்களுக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வர்ட்டரில்தான் பிறக்கிறது. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மான் ஃபோட்டிங்கர் 1905-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. அவர் அதை யோசித்தது கப்பலுக்காக. வேகமாகச் சுழலும் நீராவி டர்பைனின் விசையைத் திரவத்தின் வழியாக உந்துசக்கரத்துக்குக் கடத்துவதே அவர் நோக்கம். காரிலும் அதே தத்துவம்தான். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் சக்கரம் எண்ணெயை வீசியடிக்கிறது. எதிரே இருக்கும் இன்னொரு சக்கரத்தின் இலைகளில் அது மோதி அதைச் சுழற்றுகிறது. இரண்டுக்கும் இடையே இரும்புத் தொடர்பு எதுவும் கிடையாது.

அதனால்தான் சிக்னலில் கியரைப் போட்டபடியே நிற்க முடிகிறது, எஞ்சின் அணைவதில்லை. ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழலும்போது, அந்த வேறுபாட்டில் வீணாகும் ஆற்றல் முழுவதும் எண்ணெயில் வெப்பமாக இறங்குகிறது. இந்த வேறுபாட்டைத்தான் ஸ்லிப் என்கிறோம். சமதளத்தில் சீரான வேகத்தில் போகும்போது உள்ளே இருக்கும் லாக்-அப் கிளட்ச் இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஸ்லிப் ஏறக்குறைய இல்லாமல் போகும். பாரம் கூடி, கால் ஆக்ஸிலரேட்டரில் அழுந்தும்போது அந்தப் பூட்டு திறந்துகொள்கிறது. தொல்லை தொடங்குவது அங்கேதான்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் சாலையில், 2 டன் டிரெய்லரை 60 கிலோமீட்டர் வேகத்தில் மேலே ஏற்ற மட்டும் சுமார் 20 கிலோவாட் தேவை. வண்டியின் சொந்த எடை, காற்றின் எதிர்ப்பு, டயர் உராய்வு எல்லாம் இதற்கு மேல். எஞ்சின் மொத்தம் 80 கிலோவாட் கொடுக்கிறது, கன்வர்ட்டர் பூட்டாமல் 85 சதவீதத் திறனில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 12 கிலோவாட் வெப்பமாகிறது. 1 கிலோவாட் வாட்டர் ஹீட்டர்கள் பன்னிரண்டை கியர்பாக்ஸ் எண்ணெய்க்குள் முக்கி வைத்தது போலத்தான். உள்ளே இருப்பது 10 லிட்டர் எண்ணெய் என்றால், எண்ணெயைக் குளிர்விக்கும் கூலரும் உலோகப் பாகங்களும் வெப்பத்தைப் பங்குபோடாத நிலையில், ஒரே நிமிடத்தில் 40 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். கூலர் வேலை செய்வதால்தான் இது நடப்பதில்லை.

அந்தக் கூலரின் கையைத்தான் வெயில் கட்டிப்போடுகிறது. எந்தக் கூலரும் தள்ளக்கூடிய வெப்பம், எண்ணெய்க்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. காற்று 25 டிகிரியில் இருக்கும்போது எண்ணெய் 95 டிகிரியில் நிலைபெறுகிறது என்றால் வேறுபாடு 70. காற்று 45 டிகிரி ஆனால் அதே வெப்பத்தைத் தள்ள அதே 70 தேவை; ஆகவே எண்ணெய் 115-க்குப் போய்த்தான் நிற்கும். பல வண்டிகளில் கியர் எண்ணெய் ரேடியேட்டர் தொட்டிக்குள் இருக்கும் சிறு கூலர் வழியாகப் போகிறது. அங்கே எஞ்சின் கூலன்ட்டே 90, 100 டிகிரியில் இருப்பதால், எண்ணெயை அதற்குக் கீழே இறக்கவே முடியாது. போதாததற்கு, ரேடியேட்டருக்கு முன்னால் ஏசியின் கண்டென்சர் வேறு சூடான காற்றை அனுப்பிக்கொண்டிருக்கும். வெப்பக் காற்று அடர்த்தியும் குறைந்தது. 15 டிகிரியிலிருந்து 45-க்குப் போனால் காற்றின் அடர்த்தி சுமார் 10 சதவீதம் இறங்கும். டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்குத் திணறும், கால் இன்னும் அழுந்தும், பூட்டு இன்னும் அடிக்கடி திறக்கும்.

அமெரிக்காவில் வண்டிகளின் இழுவைத் திறனை மதிப்பிடும் எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற தரநிலை இதனால்தான் வெயிலையும் மேட்டையும் சேர்த்தே சோதிக்கிறது. அரிசோனாவின் டேவிஸ் அணைக்கு அருகே உள்ள நீண்ட ஏற்றம்தான் அதற்கு அளவுகோல். 100 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 38 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெப்பத்தில், ஏசியை முழுதாக ஓடவிட்டு, குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே போகாமல் ஏற வேண்டும். உங்கள் வண்டி இப்படிச் சோதிக்கப்பட்டது என்றால், தயாரிப்பாளர் சொன்ன எடைக்குள் நீங்கள் இழுத்த ஒரு வெயில் பயணம் அதற்குப் புதிதல்ல.

சரி, சூடு ஏறியேவிட்டது என்றால் என்ன கெடும்? இங்கே இரண்டு வகைச் சேதங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பலருடைய பயம் இவை இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருவது.

முதலாவது, மெதுவாகச் சேரும் சேதம். சூடான எண்ணெய் ஆக்சிஜனோடு வினைபுரிந்து முதுமை அடைகிறது. வெப்பநிலை கூடக்கூட வேதிவினை எவ்வளவு விரைவுபடும் என்பதற்கான சமன்பாட்டை ஸ்வாந்தே அரீனியஸ் 1889-இல் கொடுத்தார். மெக்கானிக்குகள் கையாளும் கணக்கு அதன் எளிய வடிவம்: 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும். இன்றைய செயற்கை எண்ணெய்கள் இதைவிட நன்றாகத் தாங்கும், ஆகவே இதைக் கடுமையான கணக்கு என்றே எடுத்துக்கொள்ளலாம். அதன்படியே பார்த்தாலும், 110 டிகிரியில் 2 மணி நேரம் ஓடியது, 80 டிகிரியில் 16 மணி நேரம் ஓடியதற்குச் சமம். எண்ணெயின் ஆயுளில் ஒரு துண்டு போயிற்று, அவ்வளவுதான். கியர்பாக்ஸ் போய்விடவில்லை. ஆனால் இதே பயணத்தை வாரந்தோறும் செய்தால் கதை மாறும். எண்ணெயிலிருந்து வார்னிஷ் போன்ற படலம் பிரிந்து, மிக நுண்ணிய இடைவெளியில் நகரும் வால்வுகளில் ஒட்டும். ரப்பர் சீல்கள் இறுகும்.

இரண்டாவது வகை சட்டென்று நடப்பது. எண்ணெய் சுமார் 140 டிகிரியைத் தாண்டும்போது மிகவும் நீர்த்துப்போகிறது, அழுத்தம் கசிகிறது. அந்த அழுத்தத்தை நம்பித்தான் கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று கவ்விப் பிடித்திருக்கின்றன. அவற்றின் உராய்வுப் பரப்பு காகித நாரும் பிசினும் சேர்ந்தது. பிடி தளர்ந்து தட்டுகள் வழுக்கினால் அந்த வழுக்கலே மேலும் வெப்பத்தை உண்டாக்கும். அந்த வெப்பம் பிடியை இன்னும் தளர்த்தும். இந்தச் சுழலில் மாட்டிய கிளட்ச் சில நிமிடங்களில் கருகிவிடலாம். உண்மையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

நல்ல செய்தி என்னவென்றால், இரண்டாவது வகை நடந்திருந்தால் அது மறைந்திருக்காது. கியர் மாறும்போது வண்டி வேகம் பிடிக்காமல் எஞ்சின் மட்டும் கத்தும். சீரான வேகத்தில் லாக்-அப் பூட்டும் நேரத்தில் வண்டி நடுங்கும். எண்ணெயில் கருகிய வாடை இருக்கும். நிறத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். சில எண்ணெய்கள் நல்ல நிலையிலேயே கருத்துப்போகும். கோளாறு எப்போது தலைகாட்டுகிறது என்பதும் ஒரு துப்பு. காலையில், குளிர்ந்த வண்டியில், கியர் போட்டபின் நகரத் தாமதமாகி, சூடானதும் சரியாகிவிட்டால் இறுகிய சீலைச் சந்தேகிக்கலாம். குளிர்ந்தபோது நன்றாக இருந்து, சூடானபின் மட்டும் வழுக்கினால் அழுத்தம் எங்கோ கசிகிறது.

வண்டிக்கடியில் சில சொட்டு எண்ணெய் தெரிந்தால் உடனே பதற வேண்டாம். மிகவும் சூடான எண்ணெய் விரிந்து, நுரைத்து, காற்றுக்குழாய் வழியாக வெளியே தள்ளப்பட்டிருக்கலாம். ஆனால் அளவை அவசியம் பாருங்கள். கையேட்டில் சொன்ன வெப்பநிலையில், சொன்ன முறையில் பார்த்தால்தான் அது சரியாகத் தெரியும். வண்டியின் கணினியில் பி0218 என்ற குறியீடு பதிவாகியிருந்தால், எண்ணெயின் சூடு வண்டித் தயாரிப்பாளர் வகுத்த எல்லையைத் தாண்டியிருக்கிறது. எந்தக் குறியீடும் இல்லை, கியர்கள் வழக்கம்போல் மாறுகின்றன, கருகிய வாடையும் இல்லை என்றால் நிம்மதியாகத் தூங்கலாம்.

அடுத்த முறை வழியிலேயே சூடு ஏறினால் ஓரமாக நிறுத்தி, கியரை பார்க்கில் வைத்து, எஞ்சினை ஓடவிடுங்கள். அணைத்தால் பம்ப் நின்றுவிடும், எண்ணெய் கூலருக்குப் போகாது. டிரைவில் வைத்து பிரேக்கை மிதித்தபடி நிற்பதும் கூடாது, அங்கே ஸ்லிப் தொடர்கிறது. பாரம் இழுப்பதற்கென்றே உள்ள டோ மோட் என்ற அமைப்பு வண்டியில் இருந்தால் கட்டாயம் போடுங்கள். கியர் மேலும் கீழும் அலைவதை அது தடுக்கும், பூட்டையும் கூடியவரை பிடித்து வைக்கும். அது இல்லாத வண்டியில் ஒரு கியரைக் குறைத்து, எஞ்சினைக் கொஞ்சம் வேகமாகச் சுழலவிட்டே ஏறுவது நல்லது. சத்தம் அதிகம்தான், ஆனால் எண்ணெய்க்கு அது இதம். பலரும் கவனிக்காத ஒன்று, டிரெய்லரை மேட்டில் பின்னோக்கித் தள்ளி நிறுத்துவது. ரிவர்ஸில் பொதுவாக லாக்-அப் கிடையாது, வேகமும் இல்லை, காற்றும் இல்லை. நெடுஞ்சாலையில் ஏறாத சூடு அந்தச் சில நிமிடங்களில் ஏறிவிடும். மேனுவல் கியர் வண்டியிலும் இதே இடத்தில்தான் கிளட்ச் கருகுகிறது.

சந்தேகம் தீரவில்லை என்றால் எண்ணெயை மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். அடித்தட்டைத் திறந்து வடித்தால் ஒரு பகுதிதான் வெளியே வரும், மிச்சம் கன்வர்ட்டருக்குள் தங்கிவிடும் என்பதால், சில நூறு கிலோமீட்டர் கழித்து இன்னொரு முறையும் மாற்றச் சொல்லுங்கள். மெக்கானிக் அடித்தட்டைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று அதிலிருக்கும் காந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். மை போன்ற மெல்லிய சாம்பல் நிறப் பூச்சு இயல்பான தேய்மானம். கையில் உறுத்தும் உலோகச் சில்லுகளோ, கரிந்த கிளட்ச் துணுக்குகளோ தட்டில் கிடந்தால், புது எண்ணெய் ஊற்றுவதற்கு முன் கியர்பாக்ஸைத் திறந்து பார்க்கச் சொல்வதே சரி.