மண்ணுக்குள் ஒரு சாண்: மெட்டல் டிடெக்டருக்கு ஏற்ற நிலத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மெட்டல் டிடெக்டர் வாங்கிய எவரும் முதலில் கேட்பது, அது எவ்வளவு ஆழத்தில் கிடக்கும் பொருளைக் காட்டும் என்பதைத்தான். ஒரு நாணயத்தைப் பொறுத்தவரை, நடுத்தர விலைக் கருவிக்கு எட்டும் ஆழம் ஏறத்தாழ ஒரு சாண், அதாவது 20 சென்டிமீட்டரை ஒட்டியது. இன்னும் விலை கூடிய கருவியில் சில விரற்கடை கூடலாம், அவ்வளவே. ஆகவே புதிதாக இதில் இறங்குபவர் பணத்தைவிட நேரத்தையே அதிகம் செலவிட வேண்டும். மனிதர் தொலைத்த பொருள்கள் அந்த ஒரு சாணுக்குள் இன்னும் தங்கியிருக்கும் நிலம் எது என்று கண்டறிய அந்த நேரம் தேவைப்படும்.

கருவியின் அடியிலுள்ள சுருளில், நொடிக்குப் பல ஆயிரம் முறை திசைமாறும் மின்னோட்டம் பாய்கிறது. அது உண்டாக்கும் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்கி, அங்கு ஓர் உலோகத் துண்டு கிடந்தால் அதில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டிவிடுகிறது. அம்மின்னோட்டங்கள் எழுப்பும் மெல்லிய மறுபுலத்தை இரண்டாவது சுருள் ஒன்று வாங்கிக்கொள்கிறது. நன்கு மின்கடத்தும் வெள்ளியும் செம்பும் ஒரு விதமாகவும், இரும்பு வேறு விதமாகவும் காலம் தாழ்த்தி மறுமொழி தருவதால், காதில் விழும் ஒலியும் வேறுபடுகிறது. சிக்கல் தொலைவில்தான் இருக்கிறது. சுருளின் அகலத்தைத் தாண்டி ஆழம் கூடும்போது, புலம் தொலைவின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. திரும்பி வரும் புலமும் அவ்வாறே குறைவதால், மொத்த இழப்பு ஆறாம் அடுக்கில் நிகழ்கிறது. ஆழம் இருமடங்கானால் ஒலிக்குறிப்பு 64-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும் என்பதே இதன் பொருள். இரண்டு சாண் ஆழத்தில் கிடக்கும் வெள்ளிக் காசு, அக்கருவியைப் பொறுத்தவரை இல்லாத காசுதான்.

அப்படியானால் தொலைந்த காசு எந்த ஆழத்தில் கிடக்கிறது? இதற்கு விடை சொல்பவை மண்புழுக்கள். சார்லஸ் டார்வின் 1842-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் தம் வீட்டருகே இருந்த மேய்ச்சல் நிலத்தில் சுண்ணக்கல் துண்டுகளைப் பரப்பச் செய்து, 29 ஆண்டுகள் பொறுத்திருந்து அங்கே குழி வெட்டிப் பார்த்தார். அத்துண்டுகள் 7 அங்குல ஆழத்தில் ஒரே வரிசையாகக் கிடந்தன. புழுக்கள் அடிமண்ணை உண்டு மேலே கழித்துக்கொண்டே இருந்ததால், மேற்பரப்பில் கிடந்தவை மெல்லக் கீழிறங்கியிருந்தன. 7 அங்குலம் என்பது ஏறக்குறைய 18 சென்டிமீட்டர். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. ஏர் படாத புல்வெளியில் விழுந்த பொருள், ஒரு தலைமுறைக் காலத்திலேயே கருவியின் எல்லைவரை போய்விடக்கூடும்.

உழுநிலத்தின் சிறப்பு இங்குதான் வெளிப்படுகிறது. புழு இறக்கியதைக் கலப்பை மீண்டும் மேலே புரட்டுகிறது. உழவு செல்லும் ஆழம் 20 முதல் 30 சென்டிமீட்டர் வரை இருப்பதால், உழுமண்ணில் கலந்துவிட்ட பொருள்களுள் பல, ஏதேனும் ஓராண்டில் கருவிக்கு எட்டும் இடத்துக்கு வந்தே தீரும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுமக்கள் கண்டெடுக்கும் தொல்பொருள்களை 1997 முதல் பதிவுசெய்துவரும் அரசுத் திட்டத்தில் இன்று 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை உழுநிலங்களில் கிடைத்தவையே. அறுவடை முடிந்து, மறு உழவுக்குப் பின் மழை பெய்து மண் படிந்திருக்கும் நாள்களே தேடலுக்கு மிக ஏற்றவை. ஈரம் மண்ணை இறுக்கிப் பொருளோடு ஒட்டவைக்கிறது.

ஊருக்கு வெளியே வயல் நடுவில் காசு எப்படி வந்தது என்று வியப்போர் உண்டு. பல நூற்றாண்டுகளாக வீட்டுக் குப்பையும் தொழுவத்துச் சாணமும் ஒன்றாகக் குவிக்கப்பட்டு, எருவாக வயல்களில் இறைக்கப்பட்டன. குப்பையில் விழுந்த பொத்தானும் காசும் அவற்றோடு வண்டியேறின. அப்படிக் கிடைக்கும் ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பாருங்கள்: இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றி 1247-இல் வெளியிடத் தொடங்கிய வெள்ளிப் பென்னிக் காசு. அகலம் 18 மில்லிமீட்டர், எடை ஒன்றரை கிராமுக்கும் குறைவு, தகடோ காய்ந்த இலைபோல் மெல்லியது. அதன் பின்புறச் சிலுவையின் கோடுகள் விளிம்புவரை நீள்கின்றன. சில்லறை வேண்டுமென்றால் அக்கோட்டின் வழியே அதை இரண்டாகவோ நான்காகவோ வெட்டிக்கொண்டார்கள். இன்றும் அந்தக் கால் துண்டுகள் வயலில் கிடைக்கின்றன. சந்தைக்குப் போனவர் ஒருவரின் விரலிடுக்கில் நழுவிய அந்தக் கால்காசு, எந்த அரண்மனைப் பொருளையும்விட என்னை நெகிழச் செய்வது.

எந்த வயல் என்று முடிவெடுக்க வரைபடம் வேண்டும். இங்கிலாந்தில் 1836-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வரையப்பட்ட தேவாலய வரி வரைபடங்கள் பலவற்றோடு வயல்களின் பெயர்ப்பட்டியலும் சேர்ந்திருக்கும். நம் ஊர்களில் சந்தை ஓய்ந்த பின்னும் சந்தைப்பேட்டை என்ற பெயர் நிற்பதுபோல, சந்தையும் சிற்றாலயமும் ஆலையும் இருந்த இடங்களை அப்பெயர்கள் காட்டிக்கொடுக்கின்றன. அத்துடன், விமானத்திலிருந்து லேசர் கொண்டு எடுத்த லைடார் நிலப்படங்கள் இங்கிலாந்துக்கு இலவசமாகவே கிடைக்கின்றன. கைவிடப்பட்ட பாதைகளும், வீடுகள் நின்ற மேடுகளும் அவற்றில் நிழல்போல் தெரியும். பழைய பாதைகள் கூடும் இடம், ஆற்றைக் கடக்கும் துறை, வயலின் நுழைவாயில் ஆகியவற்றிலிருந்து தொடங்குவது நல்லது.

வயலுக்குள் இறங்கியதும், இரும்பாணிகளின் இரைச்சல் மிகுந்த பகுதியைப் புதியவர்கள் விட்டு விலகுவார்கள். அது தவறு என்பேன். ஆணி கிடக்கும் இடத்தில் கட்டடம் நின்றிருக்கக்கூடும். கட்டடம் இருந்த இடத்தில் மனிதர் நடமாடியிருப்பார்கள். அங்கே சுருளை மெதுவாக, குறுகிய வீச்சில் ஓட்ட வேண்டும்.

கடற்கரை வேறு கதை. குவார்ட்ஸ் மணலின் அடர்த்தி 2.65, தங்கத்தினுடையது 19.3, புயலலை மணலை அரித்துக்கொண்டு போகும்போது கனமானவை பின்தங்கிவிடுகின்றன. கரூர் அமராவதி ஆற்றுமணலைச் சலித்தவர்களுக்குச் சங்ககாலச் சேரர் காசுகள் கிடைத்ததிலும் நீரோட்டத்தின் இதே வேலைக்குப் பங்குண்டு. எனினும் உப்புநீர் ஊறிய மணல் தானே மின்கடத்துவதால், தொடக்கத்தில் காய்ந்த மணலே போதும்.

நில உரிமையாளரின் அனுமதியின்றி எங்கும் தேடக்கூடாது. இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் முறையான அனுமதி பெறாமல் கருவியைப் பயன்படுத்துவதே 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இந்தியாவிலோ, மண்ணில் புதைந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே ஆட்சியரிடம் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம்.

1992 நவம்பரில், இங்கிலாந்தின் சஃபோக் பகுதியின் ஹாக்ஸ்னே ஊரில், விவசாயி ஒருவர் தொலைத்த சுத்தியலைத் தேடித்தர வந்த எரிக் லாஸ் என்பவரின் கருவி, ரோமானியப் புதையல் ஒன்றின்மேல் ஒலித்தது. முதலில் சிலவற்றை எடுத்த அவர், புதையலின் அளவு புரிந்ததும் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தகவல் தெரிவித்தார். மறுநாள் வந்த தொல்லியலாளர்கள், ஏறத்தாழ 15,000 காசுகளும் பொன்நகைகளும் மட்கிப்போன மரப்பெட்டிக்குள் எந்த அடுக்கில் வைக்கப்பட்டிருந்தன என்பதையும் சேர்த்தே பதிவுசெய்தார்கள். சுத்தியலும் கிடைத்தது.