50 பேர் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம்: சட்டம் என்ன சொல்கிறது?

பேறுகால விடுப்பு 26 வாரம் என்பது இப்போது பலருக்கும் தெரியும். 27ஆவது வாரம் குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவது? பாட்டி கூட இருக்கும் வீட்டில் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால் வேலையை விடுவது அநேகமாக அம்மாதான்.

இதற்கும் ஒரு விதி இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன்கள் சட்டத்தை 2017இல் திருத்தியபோது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்று சேர்த்தார்கள். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இடம்பெற்றிருக்கிறது.

50 பேர் என்றால் 50 பெண்கள் இல்லை. ஆண், பெண் எல்லோரையும் சேர்த்துத்தான் கணக்கு. "எங்களிடம் பெண்களே பத்துப் பன்னிரண்டு பேர்தானே" என்று மேலாளர் சொன்னால் அது செல்லாது. யாரை எண்ணுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பெண் தொழிலாளர்கள் 30 பேருக்கு மேல் இருந்தால்தான் காப்பகம் வேண்டும் என்றது. அப்படியென்றால் 31ஆவது பெண்ணை வேலைக்கு எடுக்க எந்த முதலாளிக்கு மனசு வரும்? ஆண்களையும் சேர்த்து எண்ணும்போது அந்தக் கணக்குப் போட வழியில்லை.

காப்பகம் அலுவலகத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதில்லை. சட்டத் தொகுப்பின்படி, பக்கத்து நிறுவனங்கள் சேர்ந்து பொதுவாக ஒன்று நடத்தலாம். அம்மா ஒரு நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். ஓய்வு இடைவேளையும் அந்த நான்கில் அடக்கம். பால் கொடுக்கும் இடைவேளை வேறு. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு போக, தினமும் இரண்டு முறை அதற்கு நேரம் தர வேண்டும். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது மட்டும் இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான்.

சரி, நாலைந்து பேர் இருக்கும் ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவருக்கு? வீட்டு வேலைக்குப் போகிறவருக்கு? இந்த விதி அவர்களை எட்டவே இல்லை. ஒன்றிய அரசின் பால்னா திட்டத்தில் 6 மாதம் முதல் 6 வயது வரையிலான குழந்தைகளுக்கு அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகங்கள் உண்டு. உங்கள் பக்கத்தில் இருக்கிறதா என்று அங்கன்வாடியில் கேட்டுப் பாருங்கள்.

50 பேர் இருந்தும் காப்பகம் இல்லையென்றால், முதலில் நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். மொத்தம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதை அதிலேயே குறிப்பிடுங்கள். பதில் வராவிட்டால் அந்தக் கடிதத்தின் நகலோடு தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.