முதல் நாளே முந்நூறு ஸ்குவாட் அடிக்காதீர்கள்

மறுபடியும் ஒரு பையன் சிகிச்சைக்கு வந்திருந்தான். திருநெல்வேலிப் பக்கம், ஐ.டி. வேலை, பெங்களூர் மாரத்தஹள்ளியில் பி.ஜி. வாசம். மேற்கத்திய கழிவறையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. படிக்கட்டில் பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்குகிறான். சிறுநீர் கோக் நிறத்தில் போகிறது. ஜிம்மில் சேர்ந்து மூன்றாம் நாள். முதல் நாளே ஐம்பது ஐம்பதாக ஆறு செட் ஸ்குவாட் அடிக்க வைத்திருக்கிறார்கள். நிறுத்தப் போனபோது, "இவ்ளோதானா ப்ரோ?" என்று கேட்டார்களாம்.

ஊரிலிருந்து அம்மா, சிறுநீரின் நிறத்தைக் கேட்டதும் மஞ்சள்காமாலை என்று முடிவு கட்டிவிட்டார். ஒன்றரை நாள் கீழாநெல்லியில் போனது. தொடை வலிக்கு டைக்ளோபினாக் மாத்திரை வேறு, மருந்துக் கடையில் கேட்டு வாங்கியது. என்னிடம் வந்தபோது ரத்தத்தில் சி.கே. அளவு, அதாவது தசை சிதைந்தால் கசியும் என்சைம், ஐந்து இலக்கத்தில் இருந்தது. சாதாரணமாக அது ஏறக்குறைய 200-க்குள் இருக்கும். சிறுநீரகம் திணறுவதைக் காட்டும் கிரியாட்டினினும் ஏறத் தொடங்கியிருந்தது. பிழைத்துக்கொண்டான், டயாலிசிஸ் தேவைப்படவில்லை. ஆனால் எல்லாருக்கும் அப்படி முடிவதில்லை. ஜனவரி பிறந்தாலும் கல்யாணத் தேதி குறித்தாலும் ஜிம்மில் பணம் கட்டிவிட்டு இப்படி வந்து நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இதற்கு ரேப்டோமயோலிசிஸ் என்று பெயர். தசை நார்கள் சிதைந்து, உள்ளே இருப்பதெல்லாம் ரத்தத்தில் கலந்துவிடுகிறது. அதில் வரும் மயோகுளோபின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது, பொட்டாசியம் இதயத் துடிப்பைக் கெடுக்கிறது. 1941-இல், லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளுக்குள் நசுங்கிக் கிடந்தவர்களிடம் பைவாட்டர்ஸ், பீல் என்ற இரு மருத்துவர்கள் விவரித்த அதே சிறுநீரகப் பாதிப்புதான். கட்டடம் இடிந்து விழுந்து நேர வேண்டியதை நாம் மாதச் சந்தா கட்டி வரவழைத்துக்கொள்கிறோம்.

இளம் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்லீரல் சோதனையில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்சைம்கள் ஏறியிருந்து பிலிருபின் சரியாக இருந்தால், கல்லீரலைத் துருவுவதற்கு முன் ஒரு சி.கே. அனுப்புங்கள். அந்த என்சைம்கள் தசையிலும் உண்டு. சிறுநீர்ச் சோதனைப் பட்டை ரத்தம் என்று காட்டி, நுண்ணோக்கியில் சிவப்பணு இல்லையென்றாலும் சி.கே. அனுப்புங்கள். ஜிம் போனீர்களா என்று கேளுங்கள். கேட்காமல் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

இனி, என்னை மிகவும் வருத்துகிற விஷயம். "வலிச்சாத்தானே மேடம் பலன்?"

இல்லை. தயவுசெய்து இதை மட்டும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் வரும் அந்த வலி, உங்கள் தசை வளர்ந்ததற்கான சான்று இல்லை. பழக்கமில்லாத வேலையைத் தசை செய்தது என்பதற்கு மட்டுமே சான்று. லாக்டிக் அமிலம் தேங்கி நிற்பதால் வலிக்கிறது என்பதும் தவறு. உடற்பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் அது பெரும்பாலும் வடிந்துவிடும். வலியோ 24 மணியிலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகிறது. தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போதுதான் இந்த வலி அதிகம் வரும்: ஸ்குவாட்டில் கீழே இறங்கும்போது, டம்பெல்லை மெதுவாக இறக்கும்போது. நந்தி மலையில் ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் இறங்கி வந்ததற்குத்தான் மறுநாள் தொடை கெஞ்சும். அதே இறக்கத்தைச் சில வாரத்துக்குள் மறுபடி இறங்கினால் வலி பாதிகூட இருக்காது. தசை பழகிவிட்டது, அவ்வளவுதான். வலிதான் பலன் என்றால் இரண்டாவது முறை பலனே கிடைக்கவில்லை என்றல்லவா ஆகும்? வருடக்கணக்காக ஒழுங்காகப் பயிற்சி செய்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலான நாட்களில் அவர்களுக்கு வலியே இருப்பதில்லை. அவர்கள் உடம்பு வளராமலா இருக்கிறது?

மிதமாகச் செய்தால் வீண் என்ற எண்ணம் இதற்குக் கூடப்பிறந்தது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பெரியவர்களுக்குச் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அத்துடன் இரண்டு நாளாவது தசைக்கு வேலை. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். மிதம் என்றால் எவ்வளவு? பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. காலை ஆறரைக்கு லால்பாக் பூங்காவில் பாருங்கள், சேலையில் ஷூ மாட்டிக்கொண்டு மருமகள் கதை பேசியபடி விறுவிறுவென்று நடக்கிற அம்மாக்களை. வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் அந்த வேகம் போதும். அவர்களைத் தாண்டி ஓடும் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே போகிறார்கள். மழை பெய்தாலும் அடுத்த வருடமும் அங்கே நடந்துகொண்டிருப்பவர்கள் அந்த அம்மாக்கள்தான். ஆரம்ப சூரர்களில் பாதிப் பேரை மார்ச் மாதம் ஜிம்மில் காண முடியாது.

2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் உடற்பயிற்சிக்குப் பிறகு மாரடைப்பால் 46 வயதில் மறைந்தபோது இந்த ஊரே பதறியது. இதயப் பரிசோதனைக்கு வரிசை கட்டினார்கள். பலர் உடற்பயிற்சியே ஆபத்து என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். அதுவும் தவறான பாடம். ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கும் உயிரை விட்டுச் செய்வதற்கும் நடுவில் எவ்வளவோ இடம் இருக்கிறது.

ஆகவே, புதிதாகச் சேர்பவர்கள் முதல் இரண்டு வாரம் "இன்னும் செய்யலாமே" என்று தோன்றும்போதே நிறுத்துங்கள். மூன்று மாத இடைவெளி விட்டவரும் புதியவர்தான், முன்பு தூக்கிய எடையை நினைத்துக்கொண்டு தொடாதீர்கள். காய்ச்சல் வந்து போன வாரம் ஓய்வு. டெங்கு என்றால் மருத்துவர் சொல்லும் வரை ஜிம் பக்கமே போகக் கூடாது. கொழுப்புக்கு ஸ்டாட்டின் சாப்பிடுபவர்களும் தைராய்டு குறைவாக உள்ளவர்களும் தொடங்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பெங்களூர்க் குளிரில் வேர்வை தெரியாது, தண்ணீர் குடியுங்கள். ஆனால் தண்ணீர் குடித்தால் இது வராது என்று நம்பி அதிகமாகச் செய்யாதீர்கள். முதல் தடவை ஸ்பின்னிங் (நிலைச் சைக்கிள்) வகுப்புக்குப் போகிறவர்கள் நாற்பத்தைந்து நிமிடமும் உட்கார வேண்டும் என்று கட்டாயமே இல்லை, எழுந்து வாருங்கள்.

பயிற்சியாளர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். புதிதாக வந்தவன் வாந்தி எடுத்தால் அது உங்கள் திறமை இல்லை. கால் நடுங்கிய பிறகு இன்னொரு செட் சொல்லாதீர்கள். மறுநாள் வராவிட்டால் ஒரு போன் போட்டு, சிறுநீர் என்ன நிறம் என்று கேளுங்கள்.

வலி தாங்க முடியவில்லை, தசை வீங்கி இறுகியிருக்கிறது, சிறுநீர் கருத்த டீ நிறத்தில் போகிறது என்றால் திங்கட்கிழமை வரை காத்திருக்காதீர்கள். நடுராத்திரி ஆனாலும் அவசரப் பிரிவுக்குப் போய், "புதுசா ஜிம் போனேன், யூரின் கருப்பா போகுது, சி.கே., கிரியாட்டினின், பொட்டாசியம் பாருங்க" என்று அதே வரிசையில் சொல்லுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு போகாதீர்கள், ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்தை அது இன்னும் அடிக்கும். கீழாநெல்லிக்கு அலைந்து நேரத்தைக் கடத்தாதீர்கள்.

குணமான பிறகு மறுபடி போகலாமா என்று அந்தத் தம்பி கேட்டான். தாராளமாகப் போகலாம். சி.கே. இயல்புக்கு வந்து, சிறுநீர் தெளிந்து, படிக்கட்டில் வலியில்லாமல் ஏறி இறங்க முடிந்த பிறகு, முதலில் நடை. அதில் தொந்தரவு எதுவும் இல்லையென்றால் எடையே இல்லாமல் பத்து ஸ்குவாட். அடுத்த வாரம் என்னிடம் காட்டிவிட்டுப் பதினைந்து.