கொடி ஏறாத பதக்க மேடை

2021 அக்டோபர் 17, டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரம். பேட்மிண்டன் இறுதியாட்டத்தில் சீனாவை 3-0 என வீழ்த்தி, 19 ஆண்டுகளுக்குப் பிறகு தாமஸ் கோப்பையைக் கைப்பற்றியது இந்தோனேசியா. ஆனால் பரிசளிப்பில் ஏறியது சிவப்பு வெள்ளை தேசியக் கொடி அல்ல, அந்நாட்டு பேட்மிண்டன் சங்கத்தின் கொடி. அணியில் யாரும் ஊக்கமருந்தில் சிக்கவில்லை. அப்புறம் ஏன்?

ஊக்கமருந்து விதிகள் இரண்டு தரப்பைத் தண்டிக்கின்றன. வீரரின் மாதிரியில் மருந்து இருந்தால் அவருக்குத் தடை. இது எல்லோருக்கும் தெரியும். இன்னொரு தரப்பு, உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடாவின் விதிகளை ஏற்றுக் கையெழுத்திட்ட அமைப்புகள். ஒவ்வொரு நாட்டிலும் இருக்கும் தடுப்பு முகமை, தன் வீரர்களை முறையாகத் திட்டமிட்டுப் பரிசோதிக்க வேண்டும். இந்தோனேசியாவின் முகமை அதில் தவறியது. அலுவலகத்தை ஓடாதே, நீந்தாதே என்று தடைசெய்ய முடியுமா? அதனால் நாட்டுக்கு வலிக்கும் இடத்தில் கைவைக்கிறார்கள்: கொடி, போட்டி நடத்தும் உரிமை, வாடா குழுக்களில் இருக்கும் பதவி. இப்படித் தண்டிக்கும் தெளிவான அதிகாரம் வாடாவுக்கு 2018 ஏப்ரலில்தான் வந்தது.

அந்த அதிகாரத்தின் தேவையை உணர்த்தியது ரஷ்யா. 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில், ஆய்வகச் சுவரில் ஒரு சிறு துளை போட்டிருந்தார்கள். இரவில் அதன் வழியாக வீரர்களின் சிறுநீர்க் குப்பிகள் பக்கத்து அறைக்குப் போயின. திறக்கவே முடியாது என்று நம்பப்பட்ட மூடிகளைத் திறந்து, மாதங்களுக்கு முன்பே சேகரித்து உறைய வைத்த சுத்தமான சிறுநீரை நிரப்பினார்கள். அடர்த்தி பொருந்துவதற்காக உப்பு கலந்தார்கள். மூடிகளின் உட்புறக் கீறல்களும் அளவுக்கு மீறிய உப்பும்தான் பின்னால் காட்டிக்கொடுத்தன.

அதனால் 2018 பியாங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் 'ரஷ்யாவைச் சேர்ந்த ஒலிம்பிக் வீரர்கள்' என்ற பெயரில்தான் அவர்கள் ஆட முடிந்தது. ஐஸ் ஹாக்கியில் தங்கம் வென்றபோது ஒலித்தது ஒலிம்பிக் கீதம். வீரர்களோ அதற்கு மேல் தங்கள் தேசிய கீதத்தைப் பாடினார்கள்.

அடுத்து, மாஸ்கோ ஊக்கமருந்துப் பரிசோதனை ஆய்வகத்தின் தரவுகள் முறைகேடாக மாற்றப்பட்டது தெரிந்து, 2019 டிசம்பரில் வாடா நான்காண்டுத் தண்டனை விதித்தது. விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அதை இரண்டாண்டாகக் குறைத்தது. டோக்கியோவில் 'ஆர்ஓசி' என்ற மூன்றெழுத்து மட்டும் அனுமதி. ரஷ்ய ஒலிம்பிக் கமிட்டி என்று விரித்து எழுதக் கூடாது. கீதத்துக்குப் பதில் சைக்கோவ்ஸ்கியின் பியானோ இசை. சீருடையிலோ அதே வெள்ளை, நீலம், சிவப்பு!

சுத்தமான வீரர்கள் ஆடட்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் வண்ணங்களை விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் சுருக்குவது, குப்பி மாற்றிய குற்றத்துக்கு மிகச் சிறிய தண்டனை என்றே நினைக்கிறேன். குறைகளைச் சரிசெய்த இந்தோனேசியாவின் மீதான தடை 2022 பிப்ரவரியில் நீங்கியது. ஆர்ஹுஸில் கோப்பை வாங்கிய அந்தப் பொழுது மட்டும் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.